ஜோங் தே செ எந்த நாட்டுக்காரர்? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

2010 ஜூன் 15, ஜோகன்னஸ்பர்க் எல்லிஸ் பார்க் மைதானம். நம்மூர்க் கடிகாரத்தில் நள்ளிரவு 12 மணி. உலகக் கோப்பையில் பிரேசிலும் வட கொரியாவும் ஆடப் போகின்றன. வட கொரியாவின் தேசிய கீதம் ஒலிக்கும்போது வீரர்கள் வரிசையைக் காட்டிக்கொண்டே வந்த கேமரா ஓர் ஆளிடம் வந்ததும் நின்றுவிட்டது. மொட்டைத் தலை, கட்டுமஸ்தான உடம்பு. முகத்தைக் கோணிக்கொண்டு குழந்தை மாதிரி அழுதுகொண்டிருந்தார். கன்னத்தில் கண்ணீர் தாரை தாரையாக வழிந்தது.

பிறந்த நாட்டுக்காக இப்படி உருகுகிறாரே என்றுதான் பார்த்த பலரும் நினைத்தார்கள். ஆனால் அவர் பிறந்தது வட கொரியாவில் இல்லை. அங்கே வாழ்ந்ததும் இல்லை. பிறந்தது ஜப்பானில், குடியுரிமை தென் கொரியாவினுடையது. அவர் பெயர் ஜோங் தே செ. கால்பந்து பார்க்கிறவர்களிடம் இவரைப் பற்றிப் பேச்செடுத்தால் வழக்கமாக வரும் கேள்விகளையும் என்னால் முடிந்த பதில்களையும் இங்கே எழுதி வைக்கிறேன்.

சுருக்கமாகச் சொல்லுங்கள், யார் இவர்?

1984 மார்ச் 2 அன்று ஜப்பானின் நகோயா நகரில் பிறந்த கொரியர். ஸ்ட்ரைக்கர். 2006 முதல் 2022 வரை தொழில்முறையாக ஆடினார். ஜப்பானில் கவாசாகி ஃப்ரொன்டாலே, ஷிமிசு எஸ்-பல்ஸ், அல்பிரெக்ஸ் நீகாட்டா, மாச்சிடா செல்வியா. ஜெர்மனியில் போஹும், கொலோன். தென் கொரியாவில் சுவோன் புளூவிங்ஸ். இதற்கு நடுவே வட கொரியத் தேசிய அணிக்காக முப்பதுக்கும் மேற்பட்ட போட்டிகள், 15 கோல்கள்.

இரண்டு கொரியாக்களுக்கும் நடுவே ஒரு கடிதம்கூடச் சுலபமாகப் போய்வர முடியாது. இவரோ ஒன்றின் தேசிய அணியிலும் மற்றதன் லீக்கிலும் ஆடிவிட்டார்.

பெயர் ஏன் ஆளுக்கு ஒரு விதமாக எழுதப்படுகிறது?

ஜப்பானில் சோன் தெசே. தென் கொரிய முறைப்படி ஜியோங் டே சே. வட கொரிய முறைப்படி ஜோங் தே செ. சீன எழுத்தில் எழுதினால் எல்லாம் ஒரே மூன்று எழுத்துதான். கடைசி இரண்டுக்கும் சேர்த்துப் 'பெரிய உலகம்' என்று பொருள். தென் கொரியாவில் இதே உச்சரிப்பில் இன்னொரு சொல் உண்டு: 'இப்போது யாருக்கு மவுசோ அவர்'. அவர் அங்கே ஆடப் போனபோது தலைப்பு எழுதுகிறவர்களுக்கு வேலை மிச்சம்.

உலகக் கோப்பையில் ஃபிஃபா பதிவு செய்த பெயர் என்பதால் நான் வட கொரிய உச்சரிப்பையே வைத்துக்கொள்கிறேன். அதில் அரசியல் எதுவும் இல்லை.

ஜைனிச்சி என்றால் என்ன? கொரியர்கள் எப்படி ஜப்பானுக்குப் போனார்கள்?

'ஜைனிச்சி' என்ற ஜப்பானியச் சொல்லுக்கு 'ஜப்பானில் இருப்பவர்' என்றுதான் நேர்ப் பொருள். நடைமுறையில் ஜப்பானில் தலைமுறைகளாக வாழும் கொரியர்களை மட்டும் குறிக்கிறது. 'இருப்பவர்' என்பதிலேயே 'ஊருக்குப் போய்விடப் போகிறவர்' என்ற தொனி இருப்பதைக் கவனியுங்கள். நான்காம் தலைமுறை வந்த பிறகும் அந்தப் பெயர் மாறவில்லை.

1910இல் ஜப்பான் கொரியாவைத் தன் ஆட்சிக்குள் இழுத்துக்கொண்டது. அடுத்த 35 ஆண்டுகளில் பிழைப்புத் தேடிப் போனவர்கள், நிலம் போனதால் கிளம்பியவர்கள், போர்க்காலத்தில் சுரங்கத்துக்கும் தொழிற்சாலைக்கும் கட்டாயமாகக் கொண்டு போகப்பட்டவர்கள் என்று லட்சக்கணக்கான கொரியர்கள் ஜப்பானுக்கு வந்து சேர்ந்தார்கள். 1945இல் போர் முடிந்தபோது அங்கே சுமார் 20 லட்சம் கொரியர்கள் இருந்தார்கள். பெரும்பாலோர் திரும்பிப் போனார்கள். ஆறு லட்சம் பேர் அளவில் தங்கிவிட்டார்கள். ஊரில் வீடில்லை, வேலையில்லை, கையில் எடுத்துப் போகக்கூடிய பணத்துக்கும் உச்சவரம்பு இருந்தது. அப்புறம் 1950இல் கொரியாவிலேயே போர் மூண்டுவிட்டது.

அடுத்து நடந்ததுதான் இந்தக் கதைக்கு முக்கியம். பேரரசின் குடிமக்கள் என்று சொல்லி வந்த ஜப்பான், 1947இல் இவர்களை அந்நியர் பட்டியலில் பதியச் சொன்னது. நாடு என்ற கட்டத்தில் 'சோசென்' என்று எழுதினார்கள். பழைய கொரியத் தீபகற்பத்தின் பெயர் அது. அப்போது வட கொரியா, தென் கொரியா என்று இரண்டு அரசுகளே உருவாகவில்லை. 1952இல் ஜப்பானியக் குடியுரிமையும் முற்றாகப் போயிற்று. 1965இல் ஜப்பானும் தென் கொரியாவும் உறவை ஏற்படுத்திக்கொண்ட பிறகு பலர் தென் கொரியக் குடியுரிமைக்கு மாறினார்கள். மாறாதவர்களின் அட்டையில் 'சோசென்' என்றே நின்றுவிட்டது. அது வட கொரியக் குடியுரிமை இல்லை. இல்லாமல் போன ஒரு நாட்டின் பெயர். பத்திரிகைகளிலேயே இரண்டையும் ஒன்றாகப் போட்டுக் குழப்புகிறார்கள்.

ஜப்பானில் பிறந்தால் ஜப்பானியக் குடியுரிமை கிடைக்காது, பெற்றோரிடமிருந்துதான் வர வேண்டும் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். தாத்தா காலத்தில் வந்து, பேரன் பிறந்து, அவன் ஜப்பானிய மொழியிலேயே கனவு கண்டாலும் சட்டப்படி வெளிநாட்டவன்தான்.

அப்பா தென் கொரியக் குடியுரிமை உள்ளவர். பிறகு எப்படி மகன் வட கொரிய அணிக்குப் போனார்?

பள்ளிக்கூடம் வழியாக.

அப்பாவின் பூர்வீகம் தென் கொரியாவின் கியோங்சாங் பகுதி, குடியுரிமையும் தென் கொரியா. அம்மா 'சோசென்' பதிவைக் கடைசி வரை மாற்றிக்கொள்ளாத குடும்பம். அந்தக் காலத் தென் கொரியச் சட்டப்படி குடியுரிமை தகப்பன் வழியாக வரும். ஆகவே பையன் பிறந்தபோதே தென் கொரியக் குடிமகன். ஆனால் அவனை எங்கே படிக்க வைப்பது என்ற விஷயத்தில் அம்மாவின் பேச்சே எடுபட்டது. சோசென் பள்ளியில் சேர்த்தார்கள்.

1945இல் போர் முடிந்த கையோடு, பிள்ளைகள் கொரிய மொழியை மறந்துவிடக் கூடாது என்று ஜைனிச்சிகள் கொட்டகை போட்டு ஆரம்பித்த பள்ளிகள் இவை. ஜப்பானிய அரசு 1948–49இல் இவற்றை மூட உத்தரவு போட்டது. தென் கொரிய அரசு திரும்பிப் பார்க்கவில்லை. 1957இல் வட கொரியாதான் பணம் அனுப்பத் தொடங்கியது. தானே போர் இடிபாட்டிலிருந்து எழுந்துகொண்டிருந்த நாடு. அந்தப் பணத்துக்குப் பின்னால் கணக்கு இருந்தது, சந்தேகமே இல்லை. வகுப்பறைச் சுவரில் வட கொரியத் தலைவர் கிம் இல் சுங் படம் வந்தது, பாடத்தில் புகழ்ச்சி வந்தது. ஆனால் அந்தப் பெற்றோர்களுக்கு நினைவில் நின்றது ஒன்றுதான்: நாதியற்றுக் கிடந்தபோது பள்ளிக்கூடத்துக்குப் பணம் அனுப்பியது யார்?

ஜைனிச்சிகளில் மிகப் பெரும்பாலோரின் பூர்வீகம் தீபகற்பத்தின் தெற்குப் பகுதி. தாத்தா பாட்டி கல்லறை தெற்கில், நன்றிக்கடன் வடக்கில். இதைப் புரிந்துகொண்டால் எல்லிஸ் பார்க்கில் வழிந்த கண்ணீரில் பாதி புரிந்துவிடும்.

இந்தப் பள்ளிகளை அவர்கள் 'உரி ஹக்கியோ' என்பார்கள். கொரிய மொழியில் 'உரி' என்றால் 'எங்கள்', 'நம்' இரண்டும்தான். தமிழில் நாம் ஒன்றைத் தேர்ந்தெடுத்தாக வேண்டும். வெளியாளிடம் சொன்னால் 'எங்கள் பள்ளி', தங்களுக்குள் சொல்லிக்கொண்டால் 'நம்ம பள்ளி'. ஜோங் இந்தப் பள்ளிகளில் படித்து, டோக்கியோவின் மேற்குப் பகுதியில் கொதைராவில் இருக்கும் கொரியப் பல்கலைக்கழகம் வரை போனார். எல்லாமே 'உரி'. அவருக்கு நாடு என்று ஒன்று இருந்தால் அது இதுதான் என்பது என் எண்ணம். பியோங்யாங் அதற்கு அப்புறம்தான்.

தென் கொரியக் குடியுரிமையை விட்டுவிட்டாரா? ஃபிஃபா எப்படி விட்டது?

விட நினைத்தார், முடியவில்லை. தென் கொரிய அரசமைப்பின்படி முழுத் தீபகற்பமும் அதன் நிலம்தான். வட கொரியா என்றொரு நாட்டையே அது ஏற்பதில்லை. இல்லாத நாட்டுக்குக் குடிமாறுவதாக ஒருவர் மனுக் கொடுத்தால் எந்த அதிகாரி கையெழுத்துப் போடுவார்?

கடைசியில் தென் கொரியக் குடியுரிமை இருந்தபடி இருக்க, வட கொரியா அவருக்கு ஒரு பாஸ்போர்ட் கொடுத்தது. ஃபிஃபாவுக்கு வேண்டியது ஆடும் நாட்டின் பாஸ்போர்ட். தென் கொரியத் தேசிய அணிக்கு அவர் எந்த வயதிலும் ஆடியதில்லை என்பதால் சிக்கலும் இல்லை. 2007 ஜூனில் மக்காவ்வில் நடந்த கிழக்காசியக் கோப்பைத் தகுதிச்சுற்றில் வட கொரியச் சட்டை போட்டார். மங்கோலியாவுக்கு எதிராக நான்கு கோல், இரண்டு நாள் கழித்து மக்காவ்வுக்கு எதிராக இன்னும் நான்கு.

ஆக, அவருடைய 15 சர்வதேச கோல்களில் எட்டு அந்த இரண்டு போட்டிகளில் வந்தவை. ரசிகன் என்றாலும் இதை மறைக்கக் கூடாது.

ஜப்பானிய கிளப்பில் எப்படி இடம் கிடைத்தது? வெளிநாட்டு வீரர் கோட்டாவிலா?

முதலில் ஒரு பின்னணி. 1990களின் நடுப்பகுதி வரை சோசென் பள்ளிகளுக்கு ஜப்பானின் அதிகாரபூர்வ உயர்நிலைப் பள்ளிப் போட்டிகளில் ஆட அனுமதியே கிடையாது. அரசுக் கணக்கில் அவை முறையான பள்ளிகளே இல்லை. தட்டச்சு, தையல் கற்றுத்தரும் இடங்களோடு சேர்த்து 'பல்வகைப் பள்ளி' என்று வைத்திருந்தார்கள். எவ்வளவு நன்றாக ஆடினாலும் நட்புப் போட்டியோடு சரி. ஜோங் உயர்நிலைப் பள்ளிக்கு வந்த நேரத்தில் அந்தக் கதவு திறந்துவிட்டது என்றாலும், திறமை தேடுகிற ஆட்கள் கொரியப் பல்கலைக்கழக மைதானத்தின் பக்கம் அதிகம் வருவதில்லை. அந்த அணி ஆடியதும் பெரிய பல்கலைக்கழகங்களின் லீக்கில் இல்லை, கீழ்த்தட்டில். அங்கிருந்து 2006இல் கவாசாகி ஃப்ரொன்டாலே அவரை எடுத்தது.

ஜப்பானின் தொழில்முறை லீக்கான ஜே லீக்கில் ஒரு விதி உண்டு. ஜப்பானில் பிறந்து அங்கேயே பள்ளிப்படிப்பை முடித்த வெளிநாட்டுக் குடிமகனை, ஓர் அணிக்கு ஒருவர் என்ற அளவில், வெளிநாட்டு வீரராகக் கணக்கிட மாட்டார்கள். பேச்சுவழக்கில் இதற்கு 'ஜைனிச்சி இடம்' என்றே பெயர். ஒரே அணியில் இரண்டு ஜைனிச்சிகள் வந்துவிட்டால் இரண்டாமவர் பிரேசில்காரரோடு போட்டி போட வேண்டியதுதான்.

கவாசாகியில் அவர் 2007இல் லீக்கில் 12 கோல், 2008இல் 14, 2009இல் 15 என்று ஏறுமுகமாகவே போனார். அணி என்னவோ 2006, 2008, 2009 மூன்று முறையும் இரண்டாம் இடம். கோப்பை மட்டும் கைக்கு வரவில்லை. அந்தக் காலத்துக் கவாசாகிக்கு வெள்ளிப் பதக்கம் சேர்க்கிறவர்கள் என்ற கிண்டல் உண்டு. அணியில் இருந்த பிரேசில் வீரர்களோடு பழகிப் போர்த்துகீசியம் கற்றுக்கொண்டார். அது பின்னால் வேறோர் இடத்தில் பயன்பட்டது.

'மக்களின் ரூனி' என்ற பட்டம் எங்கிருந்து வந்தது?

இங்கிலாந்து வீரர் வெயின் ரூனி மாதிரியே குட்டையும் இல்லாத நெட்டையும் இல்லாத, நெஞ்சு அகன்ற உடல்வாகு. பந்தை வாங்கித் திரும்பினால் பின்னால் தொங்குகிற தடுப்பு வீரரையும் இழுத்துக்கொண்டே ஓடுகிற ஆட்டம். வட கொரியாவின் அதிகாரபூர்வப் பெயரில் வரும் 'மக்கள் குடியரசு' என்பதிலிருந்து 'மக்களின்' ஒட்டிக்கொண்டது. தென் கொரிய ஊடகங்கள் பிரபலமாக்கிய பட்டம் இது, கிண்டலும் பிரியமும் கலந்தது.

ஒப்பீடு முழுக்கப் பொருந்துகிறதா என்றால், உடலுக்குப் பொருந்தும், பாஸுக்குப் பொருந்தாது. ரூனி ஆட்டத்தைக் கட்டுவார். ஜோங் முட்டி மோதுகிற ஆள். ஒற்றை ஆளாக முன்னால் நின்று, பின்னாலிருந்து யாராவது எட்டித் தள்ளும் நெடும்பந்துக்காகக் காத்திருக்கும் வட கொரிய ஆட்டத்துக்கு அதுதான் தேவையாகவும் இருந்தது.

வட கொரியாவில் எப்போதாவது வாழ்ந்தாரா?

இல்லை. பயிற்சி முகாமுக்கும் போட்டிக்கும் போய் வந்ததுதான். அணித் தோழர்களுக்கு அவர் வேற்றுக்கிரக ஆள் மாதிரி இருந்திருப்பார். லேப்டாப், ஐபாட், வீடியோ கேம் என்று பை நிறையக் கொண்டு வருவார், ராப் பாட்டு கேட்பார் என்று அப்போது நிறையச் செய்திகள் வந்தன. அவர் பேசிய கொரிய மொழியும் பள்ளிக்கூடத்தில் கற்றது, ஜப்பானிய வாடை வீசும். வடக்கில் கேட்டாலும் தெற்கில் கேட்டாலும் வெளியூர்க்காரர் என்று உடனே தெரிந்துவிடும்.

2010க்குத் தகுதி பெற்றது அவ்வளவு பெரிய விஷயமா?

1966க்குப் பிறகு வட கொரியா உலகக் கோப்பைக்குப் போனது அப்போதுதான். 1966இல் மிடில்ஸ்பரோவில் இத்தாலியை 1–0 என்று வீட்டுக்கு அனுப்பினார்கள். காலிறுதியில் போர்ச்சுகலுக்கு எதிராக மூன்று கோல் முன்னிலை பெற்று, யூசேபியோ நான்கு அடிக்க, 5–3 என்று தோற்றார்கள். அதற்குப் பிறகு 44 ஆண்டு இடைவெளி.

தகுதிச்சுற்றில் இரண்டு கொரியாக்களும் இரண்டு கட்டங்களிலும் ஒரே பிரிவில் விழுந்தன. பியோங்யாங்கில் தென் கொரியக் கொடியை ஏற்றவும் கீதத்தை ஒலிக்கவும் வடக்கு மறுத்தது. ஆகவே அதன் 'உள்ளூர்' போட்டிகள் 2008இல் இரண்டு முறையும் ஷாங்காயில் நடந்தன. 2009 ஏப்ரல் 1 அன்று சியோல் ஆட்டத்தில் ஜோங் தலையால் முட்டிய பந்து கோட்டைத் தாண்டிவிட்டது என்று வடக்கு வாதாடியது. நடுவர் தரவில்லை. பின்னால் தெற்கு ஒரு கோல் அடித்து ஜெயித்தது. ஜோங் உள்ளிட்ட சிலருக்கு உணவு ஒத்துக்கொள்ளாமல் போனது சதி என்று வடக்கு புகாரும் கொடுத்தது. கடைசியில் ஜூன் 17 அன்று ரியாத்தில் சவூதியோடு 0–0 என்று தாக்குப்பிடித்து இடத்தைப் பிடித்துவிட்டார்கள். இரண்டு கொரியாக்களும் ஒரே உலகக் கோப்பையில் ஆடியது அதுதான் முதல் முறை.

அன்று ஏன் அழுதார்?

பின்னால் அவரே சொன்ன காரணம்: சின்ன வயதிலிருந்து கனவு கண்ட உலகக் கோப்பை, எதிரே உலகின் மிகச் சிறந்த அணி, அதில் தானும் நிற்கிறோம் என்ற நினைப்பு. அவ்வளவுதான். தேசபக்தி என்று பார்த்தவர்கள் எழுதியதெல்லாம் பார்த்தவர்களின் கற்பனை. நான் மேலே சொன்ன பள்ளிக்கூடக் கதையும் ஓரளவுக்கு என் கற்பனையோ என்னவோ. ஆனால் அந்தக் கீதத்தை அவர் கற்றது அந்தப் பள்ளியில்தானே.

ஆட்டத்துக்குப் பிறகு பிரேசில் வீரர்களிடம் போர்த்துகீசியத்தில் பேசினார். உலகத்திலேயே மூடிக்கிடக்கிற நாட்டின் சட்டை போட்ட ஆள் தங்கள் மொழியில் பேசினால் அவர்களுக்கு எப்படி இருந்திருக்கும்!

மற்ற போட்டிகள்?

பிரேசிலிடம் 2–1 என்று மானத்தோடு தோற்றார்கள். அந்தத் தெம்பில் அடுத்த ஆட்டத்தில் முன்னேறி ஆடப் போய், கேப் டவுன் மழையில் போர்ச்சுகலிடம் 7–0. கடைசியில் ஐவரி கோஸ்ட்டிடம் 3–0. ஆட்டத்துக்கு ஒரு கோல் அடிப்பேன் என்று சொல்லிவிட்டுப் போன ஜோங் ஒன்றுகூட அடிக்கவில்லை. போட்டிக்கு முன் மே மாதம் கிரீஸோடு நடந்த நட்பு ஆட்டத்தில் இரண்டு அடித்திருந்தார், அதனால்தான் எதிர்பார்ப்பு ஏறியிருந்தது.

ஒரு கொசுறு: ஒவ்வொரு அணியும் மூன்று கோல்கீப்பர்களைப் பதிய வேண்டும். வட கொரியா புத்திசாலித்தனமாக நினைத்துக்கொண்டு கிம் மியோங் வோன் என்ற ஸ்ட்ரைக்கரை மூன்றாவது கோல்கீப்பர் என்று எழுதிவிட்டது. அப்படியானால் அவர் கோல்கீப்பராக மட்டுமே ஆடலாம் என்று ஃபிஃபா சொல்லிவிட, ஜோங்குக்குத் துணையாக இறக்கியிருக்கக்கூடிய ஆள் பெஞ்சிலேயே உட்கார்ந்திருந்தார்.

தோற்றதற்காகத் தண்டனை கொடுத்தார்களாமே?

பியோங்யாங்கில் அணியை மேடையேற்றி மணிக்கணக்கில் கண்டித்தார்கள் என்று செய்தி வந்தது. ஃபிஃபா கடிதம் போட்டு விசாரித்தது. அப்படி ஒன்றும் இல்லை என்று வட கொரியக் கால்பந்துச் சங்கம் எழுதிய பதிலை ஏற்று 2010 ஆகஸ்டில் முடித்துக்கொண்டது. ஜோங் அந்த நேரத்தில் ஜெர்மனிக்குப் போய்விட்டார். தேசிய அணிக்கும் தொடர்ந்து ஆடினார். 2011 ஜனவரியில் கத்தாரில் ஆசியக் கோப்பை. மூன்று ஆட்டம், அணிக்கு ஒரு கோல்கூட இல்லை.

ஜெர்மனியில் எப்படி ஆடினார்?

தொடக்கம் பிரமாதம், முடிவு சுமார். இரண்டாம் டிவிஷனில் இருந்த போஹும் அணியில் முதல் பருவத்தில் லீக்கில் 10 கோல். அணி மூன்றாம் இடம் பிடித்து, மேலே ஏறுவதற்கான கடைசிப் போட்டியில் மோன்ஷன்கிளாட்பாக்கிடம் தோற்றது. 2012 ஜனவரியில் முதல் டிவிஷன் கொலோன் கூப்பிட்டது. போன இடத்தில் அணியே மூழ்கிக்கொண்டிருந்தது. அவருக்கு வாய்ப்பு அதிகம் கிடைக்கவில்லை, கோல் ஒன்றுமில்லை, பருவ முடிவில் கொலோன் கீழே இறங்கியது.

தென் கொரியாவில் அவரை எப்படி ஏற்றார்கள்?

இரண்டு விதமாக. 2013 தொடக்கத்தில் சுவோன் புளூவிங்ஸ் அவரை வாங்கியபோது ரசிகர்கள் கொண்டாடினார்கள். தென் கொரிய லீக்கில் அவர் வெளிநாட்டு வீரர் கணக்கில் வரவில்லை, உள்நாட்டு வீரர்தான். மேலே சொன்ன அதே அரசமைப்புத் தர்க்கம் இங்கே அவருக்குச் சாதகமாக வேலை செய்தது. முதல் பருவத்தில் 10 கோல் அடித்தார்.

இன்னொரு பக்கம், பழைய பேட்டிகளில் வட கொரியத் தலைமையைப் புகழ்ந்தார் என்று ஒரு வலதுசாரிக் குழு 2013இல் தேசியப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் புகார் கொடுத்தது. வெறும் சடங்குச் சட்டம் இல்லை அது, ஆட்களை உள்ளே வைத்திருக்கிற சட்டம். விசாரணை இழுத்துக்கொண்டே போய், கடைசியில் வழக்குத் தொடராமல் விட்டுவிட்டார்கள். இதற்கிடையில் தென் கொரியப் பெண் ஒருவரைத் திருமணம் செய்துகொண்டார். வடக்கின் சட்டையைப் போட்டு அழுத ஆள் தெற்கின் மாப்பிள்ளை ஆனார்.

அவருடைய மிகச் சிறந்த பருவம் எது?

உலகக் கோப்பை ஆண்டைச் சொல்வார்கள். நான் 2016 என்பேன். 2015 நடுவில் ஷிமிசு எஸ்-பல்ஸுக்கு வந்தார். அந்த ஆண்டே அந்த அணி வரலாற்றில் முதல் முறையாக இரண்டாம் டிவிஷனுக்கு விழுந்தது. வயது 32. விட்டுவிட்டுப் போயிருக்கலாம். நின்று ஆடி 2016இல் 26 கோல் அடித்தார். அந்த ஆண்டு அந்த டிவிஷனில் அவ்வளவு கோல் அடித்தவர் வேறு யாருமில்லை. ஷிமிசுவும் மாட்சுமோட்டோவும் 84 புள்ளியில் சமமாக நிற்க, கோல் வித்தியாசத்தில் ஷிமிசு நேராக மேலே ஏறியது. அதாவது அவர் அடித்த கோல்கள் ஜெயித்த ஆட்டத்தில் உபரியாக அடித்தவை உட்பட எல்லாமே எண்ணப்பட்டன. அப்புறம் நீகாட்டாவில் கடனாக ஓர் ஆண்டு, மாச்சிடாவில் இரண்டு ஆண்டு, 2022இல் ஓய்வு.

ஜப்பானுக்கே ஆடியிருக்கலாமே?

ஆடியவர் இருக்கிறார். லீ தாதானாரி. 1985இல் டோக்கியோவில் பிறந்த நான்காம் தலைமுறை ஜைனிச்சி. முதலில் தென் கொரிய இளையோர் அணிப் பயிற்சிக்குத்தான் போனார். அங்கே தன் சொந்த இனத்தவர் தன்னைப் 'பாதி ஜப்பான்காரன்' என்ற வசைச்சொல்லால் கூப்பிட்டதை அவரே பிறகு சொல்லியிருக்கிறார். 2007இல் ஜப்பானியக் குடியுரிமை வாங்கினார், ஆனால் 'லீ' என்ற கொரியக் குடும்பப் பெயரை விடவில்லை. 2011 ஜனவரியில் தோஹாவில் ஆசியக் கோப்பை இறுதி ஆட்டம், கூடுதல் நேரத்தில் 109ஆவது நிமிடம். இடப்பக்கமிருந்து நாகதோமோ தூக்கிக் கொடுத்த பந்தை, யாரும் பக்கத்தில் இல்லாமல் தனியாக நின்று, தரையில் விழும் முன்பே இடது காலால் அடித்தார். ஆஸ்திரேலியா தோற்றது, ஜப்பான் சாம்பியன்.

ஜோங் கோல் இல்லாமல் ஊர் திரும்பினாரே, அதே ஆசியக் கோப்பை. யார் சரியாகத் தேர்ந்தார்கள் என்று சிலர் பட்டிமன்றம் வைக்கிறார்கள். ஒரே தெருவில் வளர்ந்த அண்ணன் தம்பிகளே வேறு வேறு பாஸ்போர்ட் வைத்திருக்கிற சமூகத்தில் அந்தக் கேள்வியே எனக்கு அபத்தமாகப் படுகிறது.

ஜோங்கைப் போல வடக்குக்கு ஆடிய ஜைனிச்சிகள் வேறு யார்?

முதலில் ஆன் யோங் ஹக்கைச் சொல்ல வேண்டும். நடுக்கள வீரர், 2010இல் பிரேசிலுக்கு எதிரே ஜோங்கோடு இறங்கியவர். ஜோங்குக்கு முன்பே தென் கொரிய லீக்கில் புசானுக்கும் சுவோனுக்கும் ஆடிவிட்டவர். அமைதியான ஆள் என்பதால் கேமரா அவரிடம் நிற்கவில்லை. ரியாங் யோங் கி, ஒசாகாவில் பிறந்து, வேகால்தா செண்டாய் அணியின் தலைவராகி, 2011 சுனாமிக்குப் பிறகு அந்த ஊரே கொண்டாடிய வீரர். ஆன் பியோங் ஜுன் தென் கொரிய இரண்டாம் டிவிஷனில் 2020, 2021 இரண்டு ஆண்டும் சிறந்த வீரர் விருது வாங்கினார்.

ஜப்பானுக்கு வெளியே வளர்ந்த கொரிய வம்சாவளி வீரர்கள்?

அது வேறு கதை, தனியாக எழுத வேண்டியது. 1937இல் ஸ்டாலின் மத்திய ஆசியாவுக்கு நாடுகடத்திய கொரியர்களின் வழியில் வந்தவர் மிகயில் ஆன். தாஷ்கண்டின் பக்தகோர் அணியின் நட்சத்திரம். 1979 ஆகஸ்ட் 11 அன்று அணி சென்ற விமானம் நடுவானில் இன்னொரு விமானத்தோடு மோதியதில் தோழர்களோடு இறந்துபோனார். இன்றைய ஆள் வேண்டுமானால், ஜெர்மனியில் பிறந்து வளர்ந்து 2025இல் தென் கொரிய அணிக்கு ஆட வந்த யென்ஸ் காஸ்ட்ரோப்.

இப்போது ஜோங் என்ன செய்கிறார்?

ஜப்பானில் கால்பந்து வர்ணனை, விமர்சனம். தென் கொரியத் தொலைக்காட்சியிலும் தலை காட்டுகிறார், பெண் பிரபலங்கள் ஆடும் கால்பந்து நிகழ்ச்சியொன்றில் பயிற்சியாளராக இருந்திருக்கிறார்.

ஒரே ஒரு காட்சி பார்க்க நேரமிருக்கிறது. எதைப் பார்க்கலாம்?

எல்லோரும் அந்த அழுகையைக் காட்டுவார்கள். நீங்கள் அதே ஆட்டத்தின் 89ஆவது நிமிடத்துக்குப் போங்கள். பிரேசில் 2–0 என்று முன்னிலையில் இருக்கிறது, கடுங்குளிர், ஆட்டம் முடிந்த மாதிரிதான். பின்னாலிருந்து ஒரு நெடும்பந்து வருகிறது. ஒன்றரை மணி நேரமாகத் தனியாக முட்டிக்கொண்டிருந்த ஜோங் எம்பி, கோலைப் பார்த்து முட்டாமல், பந்தைத் தணித்துக் கீழே இறக்கிவிடுகிறார். ஓடி வந்த ஜி யுன் நாம் அதை வாங்கி, பிரேசில் தடுப்புக்குள் புகுந்து, கோல்கீப்பர் ஜூலியோ சேசரைத் தாண்டி வலைக்குள் அடிக்கிறார். உலகக் கோப்பைப் பதிவேட்டில் ஜோங்கின் பெயருக்கு நேரே கோல் என்று எதுவும் இல்லை. அந்தப் பந்தை இறக்கிக் கொடுத்த தலை அவருடையது.